கூம்பு ஃபில்டர் எங்கே உட்காருகிறது?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சின்ன கார் வைத்திருப்பவர்கள் கோல்ட் ஏர் இன்டேக் (கம்பெனி ஃபில்டர் பாக்ஸுக்குப் பதிலாக, குளிர்ந்த வெளிக்காற்றை இழுக்க வைக்கும் கூம்பு ஃபில்டரும் குழாயும்) மாட்டச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. மாட்டியதும் சத்தம் கூடும். சத்தம் கூடினால் இழுவையும் கூடியதுபோலத் தோன்றும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜினில் உண்மையான லாபம் பெரும்பாலும் காலுக்குத் தெரியாத அளவுதான்.

போனட்டைத் திறந்து கம்பெனி ஃபில்டர் பாக்ஸின் மூக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டர் ஓரமோ நீண்டு வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு இன்ஜின் பக்கத்தில் மூடியில்லாத கூம்பை வைத்தால் அதற்குப் பெயர் ஹாட் ஏர் இன்டேக். லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் அனல் அப்படியே கூம்புக்குள் போகும். உள்ளே போகும் காற்று 40 டிகிரியிலிருந்து 60 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைகிறது. ஏற்றத்தில் தேவைப்படும் நேரத்தில்தான் இழுவை போகும்.

ஆகவே மாட்டுவதற்கு முன்பே ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கும் கருவி) செருகி, அதே ஏற்றத்தில் இன்டேக் காற்றின் வெப்பநிலையையும் ஃப்யூயல் ட்ரிம்மையும் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பின் அதே சாலை, அதே நேரம். வெப்பநிலை ஏறியிருந்தால், இன்ஜின் அனல் கூம்புக்குப் போகாமல் மறைக்கும் தடுப்புத் தகடு சரியில்லை. அது போனட்டின் அடிவரை எட்டி, ரப்பர் பீடிங்கோடு மூடினால்தான் பயன்.

வேலை பெரிதல்ல. இன்ஜின் ஆறியபின் 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சார் பிளக்கின் லாக்கை அமுக்கி எடுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இன்ஜின் மேலுள்ள வால்வ் கவரிலிருந்து, உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸைப் புதுக் குழாயில் சேர்க்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார்) உள்ள வண்டியில் அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று நுழையும், ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கும்.

அதே சென்சாருக்குக் குழாயின் உள்விட்டமும் முக்கியம். 60 மி.மீ. இருந்த இடத்தில் 65 மி.மீ. வைத்தால் பரப்பு 17 சதவீதம் கூடுகிறது. சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோல் போதாமல் போகும். ஸ்கேனரில் நீண்டகால ட்ரிம் பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டினால் குழாயின் விட்டமோ, கிளாம்ப் கசிவோ காரணம். எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது சென்சார் கம்பியில் போய்ப் படியும். எம்-சாண்ட் லாரி ஓடும் இந்தச் சாலையில், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. அந்த மண் பிஸ்டன் ரிங்கைத் தின்னும்.

பம்பருக்குக் கீழே இறக்கும் நீளக் குழாய் குளிர்ந்த காற்றைத் தரும், உண்மைதான். ஆனால் சாரல் சீசனில் ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர் நின்றால் கூம்பு மூழ்கிவிடும். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 30 மி.லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாமல் இந்தச் செலவுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பது அரிது. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் வேறு சிக்கலும் வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்துக்கு அனுமதி தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, அதுவும் கேரள வழக்கு ஒன்றில். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அபராதம் 5,000 ரூபாய் வரை போகும், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. கேரள எல்லை தாண்டி அடிக்கடி போகிறவர்கள் மாட்டும் முன்பே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கழற்றிய பாக்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் அடியிலுள்ள ரப்பர் புஷ்களையும் ஒரு கவரில் போட்டுக் கூடவே கட்டி வையுங்கள். அவை தொலைந்தால், திரும்ப மாட்டும்போது பாக்ஸ் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்.