விசா, பெர்மிட், பாஸ்: ஒரே பெயரில் புழங்கும் நான்கு தாள்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் "அவனுக்கு விசா வந்துருச்சு" என்றால் ஆள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பப்போகிறார் என்று பொருள். வந்தது என்ன தாள் என்று யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு வந்திருப்பது ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம். மலேசியாவுக்குப் போகிறவருக்கு காலிங் விசா, அதாவது அங்குள்ள குடிநுழைவுத் துறையின் ஒப்புதலின் பேரில் தரும் நுழைவு விசா. துபாய்க்குப் போகிறவருக்கு நுழைவு அனுமதி. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தாள்கள் வரவேண்டியிருக்கும். எல்லாவற்றையும் "விசா" என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவதால், ஏஜென்ட் எதைக் கொடுத்தாலும் விசாவைக் கொடுத்துவிட்டதாகவே ஆகிவிடுகிறது.

உண்மையில் இதில் நான்கு தனித்தனிச் சம்மதங்கள் இருக்கின்றன. நம் நாட்டை விட்டு வேலைக்குப் போக ஒன்று, அந்த நாட்டுக்குள் நுழைய ஒன்று, அங்கே தங்க ஒன்று, அங்கே வேலை செய்ய ஒன்று. சில நாடுகளில் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே அட்டையாக வரும்; சில நாடுகளில் பிரிந்து வரும்.

விசா: சொல் வந்த வழி

லத்தீனில் "சார்ட்டா விசா" என்றால் "பார்க்கப்பட்ட தாள்". பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்த விசா, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வந்தது. பாஸ்போர்ட்டை ஓர் அதிகாரி பார்த்தார், பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்தும் முத்திரையும் போட்டார் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. தாலுகா அலுவலகக் கோப்பில் "பார்வையிடப்பட்டது" என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவார்களே, அதே வேலைதான்.

ஆகவே விசா என்பது நுழைவோடு நின்றுவிடும் சொல். வேலை என்ற பொருள் அதற்குள் இல்லை. எல்லையில் இருக்கும் அதிகாரி உள்ளே விட மறுக்கவும் விசா தடையில்லை.

தமிழில் இதற்கு நுழைவு அனுமதி, நுழைவுச்சான்று, நுழைவிசைவு என்று பல சொற்கள் புழங்குகின்றன. இலங்கை அரசு ஆவணங்களில் வீசா என்றே எழுதுகிறார்கள். இவற்றில் நுழைவிசைவு பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. இசைதல் என்றால் சம்மதித்தல். ஒரு நாடு நம் நுழைவுக்கு இசைகிறது, அவ்வளவுதான். "நுழைவுச்சீட்டு" வேண்டாம், அது சினிமாக் கொட்டகைக்கும் தேர்வு மண்டபத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது. பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது. கடவு என்றால் வழி.

பெர்மிட்டும் பாஸும்

பெர்மிட் என்பதும் லத்தீன் வழிச் சொல்தான். "போக விடுதல்" என்பது அதன் வேர்ப்பொருள். இன்று அது வேலை செய்யும் உரிமைத் தாள். வேலை அனுமதி அல்லது வேலை அனுமதிச்சீட்டு என்று சொன்னால் போதும். பாஸ் என்பது சிங்கப்பூர், மலேசிய அரசுகள் தங்கும் உரிமைக்கும், அதோடு சேர்த்துத் தரும் வேலை உரிமைக்கும் பயன்படுத்தும் சொல். பரீட்சை பாஸோடு குழம்பினாலும் நம் ஊரில் அது வேரூன்றிவிட்டது. மாற்றப் புகுவது வீண் வேலை.

தவணை வைத்து வெளிநாட்டு வேலைக்குப் போவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நகரத்தார் வீடுகளில் இதற்குக் "கொண்டுவிக்கப் போறது" என்று பெயர். பர்மாவுக்கோ மலாயாவுக்கோ முதலாளியின் தொழிலைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டாகப் போகிறவருக்கு முதலாளி சம்பளச் சீட்டு எழுதுவார். தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கிடைக்கும். மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன் என்று கிட்டங்கியில், அதாவது நகரத்தார் அங்கே தொழில் நடத்திய இடத்தில், ஆளுக்கொரு நிலை இருந்தது. யார், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்ற ஐந்தும் அந்தச் சீட்டில் அடங்கும். இன்றைய வேலை ஒப்பந்தம் கேட்பதும் இந்த ஐந்தைத்தான்.

அன்று இல்லாதது அரசாங்கத்தின் தாள். இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டமே 1920-இல்தான் வந்தது. இலங்கையில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய வணிகர்களும் அவர்களின் கடை ஆட்களும் தற்காலிக வதிவிட அனுமதி வாங்க வேண்டியதாயிற்று, "டி.ஆர்.பி." என்பார்கள். மலாயாவில் 1953-இல் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. முதலாளியின் சீட்டு மட்டும் போதும் என்ற காலம் அதோடு முடிந்தது.

சிங்கப்பூர்: மூன்று பாஸ்

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று மூன்று படி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் நிபுணர்களுக்கும் மேலாளர்களுக்கும். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது ஏற ஏற அதுவும் ஏறும். எஸ் பாஸ் நடுத்தரத் திறனாளர்களுக்கு. 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. நிதித்துறையில் இரண்டுக்குமே இன்னும் கூடுதல். குடும்பத்தைக் கூட்டிப்போக இந்த இரண்டு பாஸிலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். "எஸ் பாஸ்தானே, பொண்டாட்டி பிள்ளைய அடுத்த மாசமே கூட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் சம்பளத் தொகையைக் கேளுங்கள்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் வொர்க் பெர்மிட்காரர்கள். இந்தியாவிலிருந்து இந்தப் பெர்மிட் எல்லாத் தொழிலுக்கும் கிடையாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய், வேதிப்பொருள் போன்ற செயல்முறை ஆலைகள் ஆகியவை முதன்மையானவை. கட்டுமானத்துக்குப் போக ஊரிலேயே ஸ்கில் டெஸ்ட் தேற வேண்டும். 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையற்காரர் உள்ளிட்ட சில வேலைகள் தனிப்பட்டியலில் சேர்ந்தன; 2025 செப்டம்பரில் பட்டியல் விரிந்து கனரக வாகன ஓட்டுநரும் அதில் வந்தார். இந்தப் பட்டியல்வழிப் போகிறவருக்கு நிலைச்சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. செட்டிநாட்டுச் சமையல் மாஸ்டர்கள் கவனிக்க வேண்டியது இது: 900 வெள்ளிச் சம்பளத்தில் "குக் பெர்மிட்" என்று காட்டினால் ஏதோ சரியில்லை.

முதலில் வருவது ஐபிஏ, அதாவது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம். இந்தியருக்கு இதுவே ஒருமுறை நுழைவதற்கான விசாவாகவும் பயன்படும். அதற்குக் காலாவதி உண்டு. போய் இறங்கி, மருத்துவப் பரிசோதனை முடிந்து, கைரேகை பதிந்த பிறகே அட்டை வரும். ஐபிஏவின் பிரதி தொழிலாளியின் தாய்மொழியிலும் வரும். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் என்ற மூன்று வரிகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

ஏன் தனித்தனியாக? ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்காகும். மாத அடிப்படையை 12-ஆல் பெருக்கி, 52 x 44, அதாவது 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. அதில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். அடிப்படை 800, படி 100 என்றால் ஒரு மணி ஓவர்டைமுக்கு 6.29 வெள்ளி. அடிப்படை 500, படி 400 என்றால் 3.93 வெள்ளி. இரண்டிலும் மொத்தம் 900தான். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறவருக்குக் கையில் சுமார் 140 வெள்ளி வித்தியாசம். "மொத்தம் தொள்ளாயிரம் வெள்ளி தம்பி" என்ற பேச்சில் இது தெரியாது. ஐபிஏவில் எழுதிய சம்பளத்தைத் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமலும், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்கக்கூடாது. அப்படிக் கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டினால், அது இதற்காக இருக்கலாம்.

ஒரு தொழிலாளிக்கு 5,000 வெள்ளி பிணைத்தொகையும், வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக அரசுக்குக் கட்டும் மாத லெவியும் முதலாளி பொறுப்பு. இவற்றைத் தொழிலாளியிடம் வசூலிப்பது குற்றம். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கலாம் என்ற கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை.

மலேசியா

இங்கே பெயர் நேராகவே பேசுகிறது. "பாஸ் லாவாத்தான் கெர்ஜா செமெந்தாரா", சுருக்கமாக பி.எல்.கே.எஸ்., என்றால் தற்காலிக வேலை வருகைப் பாஸ். கெர்ஜா என்பது வடமொழிக் காரியத்திலிருந்து மலாய்க்குப் போன சொல்; நாம் காரியம் என்கிறோம், அவர்கள் கெர்ஜா என்கிறார்கள்.

முதலில் காலிங் விசா. அதில் உள்ளே போய், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் தேறினால் பாஸ் கிடைக்கும். தேறாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் ஊரிலேயே மார்பு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமலே மலேசியா போகலாம் என்ற சலுகை வந்தது. சுற்றுலாவுக்கு நல்லது. ஆனால் "விசாவே வேணாம், போய் மாத்திக்கலாம்" என்ற புது வியாபாரமும் கூடவே கிளம்பியது. அந்த 30 நாள் வெறும் வருகைப் பாஸ். அதில் வேலை பார்த்தாலும் நாள் கடந்து தங்கினாலும் குடிநுழைவுக் குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. உணவகத்தில் இலை எடுக்கிறவரும் இதில் விலக்கில்லை.

வளைகுடா: இக்காமா, கபீல், ஃப்ரீ விசா

இக்காமா என்ற அரபுச் சொல்லுக்குத் தங்குதல் என்று பொருள். தமிழில் வதிவிட அனுமதி. கபீல் என்றால் பிணை நிற்பவர். நம் பத்திர மொழியில் ஜாமீன்தாரர். அரபு நாட்டில் இந்தப் பிணையாளர் பெயரில்தான் தாள் ஓடும்.

இந்த அகராதியில் மிக ஆபத்தான சொல் "ஃப்ரீ விசா", இன்னொரு பெயரில் ஆசாத் விசா. அது இலவசமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படியொரு வகை கிடையாது. யாரோ ஒருவர் தன் பெயரில் ஆளெடுப்பு அனுமதி வாங்கி விற்கிறார். வாங்கியவர் வேறோர் இடத்தில் வேலை தேடிக்கொள்கிறார். தாளில் இருக்கும் முதலாளி வேறு, சம்பளம் தருகிறவர் வேறு. சோதனையில் பிடிபட்டாலும், சம்பளம் நின்றாலும், விபத்து நடந்தாலும் புகார் கொடுக்க ஆளில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு வாசல்: ஈ.சி.ஆர்.

சென்னைக்காரருக்கு ஈ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகிற சாலை. பாஸ்போர்ட்டில் அச்சாகியிருந்தால் "குடிபெயர்வுச் சோதனை தேவை" என்று அர்த்தம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து வருவது இது. பொதுவாகப் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இது இருக்கும். அவர்கள் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா எல்லாம் அதில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. அதனால் சிங்கப்பூர் போய் வந்த அண்ணன் "எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கலையே" என்று மலேசியா போகிற தம்பிக்குச் சொன்னால், அண்ணன் சொன்னது உண்மை, தம்பிக்கு உதவாது.

பத்தாவது தேறியிருந்தும் பழைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இருந்தால், சான்றிதழைக் காட்டி மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிவகங்கை மாவட்ட ஊர்களுக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்தில் விழும் செட்டிநாட்டு ஊர்களுக்குத் திருச்சி.

ஈ.சி.ஆர். அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். சுற்றுலா என்று சொல்லி விமானம் ஏறியவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் பொருந்தாது.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா வேறு உலகம்: பட்டப்படிப்பு, குலுக்கல், மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஆறு. அங்கே சட்டம் இதைக் "குடியேற்றமல்லாத" விசா என்கிறது. நம் "தற்காலிக" என்பதற்கு அது நெருங்கிய சொல்.

பணம் கொடுக்கும் முன்

இந்தியாவில் ஆளெடுக்கும் ஏஜென்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். உரிம எண்ணை அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் போட்டால் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். "அவருக்குக் கீழ நான் பாக்குறேன்" என்கிற சப் ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். ரசீது வாங்க வேண்டும். வங்கி வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது. ரசீதில் "டிக்கெட் செலவு", "ஆலோசனைக் கட்டணம்" என்று எழுதித்தந்தால் திருப்பிக்கொடுத்து, எந்த நாடு, எந்த நிறுவனம், என்ன வேலை என்று எழுதச் சொல்ல வேண்டும். பின்னால் காவல் நிலையத்திலோ பாதுகாவலர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான். அதன் ஒரு நகலும், ஐபிஏ அல்லது விசாவின் நகலும், ஒப்பந்தத்தின் நகலும் ஊரில் இருக்கும் ஒருவர் கையில் இருக்கட்டும். போனவர் போன் தொலைந்தாலும் வீட்டிலிருந்து மனுக் கொடுக்கலாம்.