தவுக்கியான் தூண்களில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கலாம்: யாருக்கு உரிமை, எப்படித் தேடுவது?

ரங்கூனிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது தவுக்கியான் போர்க் கல்லறை. அது வெள்ளைக்காரர்களின் கல்லறை என்று நினைத்து, பர்மாத் தமிழர்கள் பலர் உள்ளே கால் வைத்ததே இல்லை. அங்குள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் நடந்த சண்டையில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாமல் போனவர்கள் இவர்கள். இவர்களில் பெரும்பாலோர் இந்திய ராணுவத்தினர்.

இந்த இடத்தைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917-ல் தொடங்கியது. பிரிட்டன், இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அரசுகள் செலவை ஏற்கின்றன. அதன் விதி எளிமையானது: இறந்த ஒவ்வொருவரின் பெயரும் கல்லிலோ நினைவுச் சின்னத்திலோ நிரந்தரமாக இருக்க வேண்டும். பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது.

இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம் சொல்கிறேன். 1945 மார்ச் 18 அன்று மியிஞ்சான் ஊருக்கு வெளியே, பஞ்சாலைப் பகுதியைப் பிடிக்கும் சண்டையில் லெப்டினன்ட் கரம்ஜீத் சிங் ஜட்ஜ் இறந்தார். 15-வது பஞ்சாப் ரெஜிமென்ட், வயது 21. ஜப்பானியரின் பதுங்குகுழிகள் டாங்குகளின் கண்ணில் படவில்லை. குண்டுமழைக்கு நடுவே இவர் திரும்பத் திரும்ப டாங்கு அருகே போய், அதிலிருந்த தொலைபேசியில் பேசி, குழி எங்கே என்று காட்டிக்கொடுத்தார். அப்புறம் ஆட்களோடு முதல் ஆளாகப் பாய்ந்தார். பத்துக் குழிகள் இப்படி விழுந்தன. கடைசியில் மார்பில் குண்டு பட்டது. இறந்தபின், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்காகத் தவுக்கியானில் தனியாக உள்ள நினைவிடத்தில் இவர் பெயர் இருக்கிறது. பதக்கம் பெற்றவர் என்றால் பெயரோடு அதைக் குறிக்கும் எழுத்துகள் சேரும், அவ்வளவுதான். மூட்டை சுமந்து செத்த பயனியர் படை ஆளுக்கும் அதே உரிமை.

'எங்கள் தாத்தாவுக்குப் பதக்கம் எதுவும் இல்லையே' என்று தயங்க வேண்டாம். விக்டோரியா கிராஸ் விதிவிலக்கு; மிலிட்டரி கிராஸ் போன்ற பதக்கங்களை இறந்தவருக்கு வழங்கும் வழக்கம் 1979 வரை கிடையவே கிடையாது. பதக்கம் இல்லை என்பதால் வீரம் இல்லை என்று ஆகாது.

சரி, தேடுவது எப்படி? ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சிக்கல் பெயரின் ஆங்கில எழுத்தில்தான் வரும். முத்துசாமியை எச் சேர்த்தும் சேர்க்காமலும், கடைசி எழுத்தை ஐ என்றும் ஒய் என்றும் எழுதியிருப்பார்கள். பெயரில் கிடைக்காவிட்டால் படைப்பிரிவை வைத்துத் தேடுங்கள்: மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், மதராஸ் ரெஜிமென்ட், இந்தியன் பயனியர் கோர். பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். அது பொருந்தினால் ஆள் அவர்தான் என்று ஓரளவு நம்பலாம். கூடவே ராணுவ எண்ணும் ஒத்துப்போனால் சந்தேகமே இல்லை. நினைவுச் சான்றிதழையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

பெயரே இல்லையா? ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை கணக்கு. அந்தக் காலத்துக்குள் படையில் இருக்கும்போது இறந்தார் என்று காட்ட வேண்டும். படையை விட்டு வந்தபின் இறந்தவர் என்றால், சேவையில் பட்ட காயமோ நோயோதான் காரணம் என்பதற்குச் சான்று வேண்டும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சம்பளப் புத்தகம், தந்தி, பென்ஷன் கடிதம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இது நினைவுக்கான உரிமை மட்டுமே. பென்ஷனோ பணமோ இதில் வராது. உடலைச் சொந்த ஊருக்கு மாற்றவும் முடியாது.

ஒரு பெரிய குறை உண்டு. பர்மாவிலேயே உள்ள தன்பியூசயாட் கல்லறையில், ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. அதே பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் படையினர் அல்ல என்பதால் இந்த விதிக்குள் வருவதில்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நாம்தான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.