லுகேமியா: சொல்லும் பொருளும், சீன மருத்துவம் பார்த்த விதமும்

லுகேமியா என்ற சொல்லுக்குத் தமிழில் பெரும்பாலும் 'இரத்தப் புற்றுநோய்' என்றுதான் எழுதுகிறோம். செய்தியிலும் அப்படித்தான், பேச்சிலும் அப்படித்தான். தவறு என்று தள்ளிவிட முடியாது, ஆனால் போதாது. லிம்போமாவும் இரத்தப் புற்றுதான், மயலோமாவும் இரத்தப் புற்றுதான். லிம்போமா பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் கட்டியாகத் தொடங்கும். மயலோமா, எதிர்ப்புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களில் வரும் புற்று. மூன்றும் போகும் வழி வேறு, மருந்தும் வேறு. யாரோ ஒருவர் 'இரத்தப் புற்றுநோய்' வந்து குணமானார் என்று கேள்விப்பட்டு, அவர் சாப்பிட்ட மருந்தையே தேடி அலைபவர்கள் உண்டு. அந்த அலைச்சலில் பாதி இந்தப் பொதுப்பெயரால் வருவது.

லுகேமியா கிரேக்க வேர்களிலிருந்து கட்டிய சொல். 'லியூகோஸ்' என்றால் வெள்ளை, 'ஹைமா' என்றால் இரத்தம். வெள்ளையணுவைக் குறிக்கும் லுகோசைட்டிலும், வெண்புள்ளியைக் குறிக்கும் லுகோடெர்மாவிலும் இருப்பது அதே லியூகோஸ். அனீமியா, ஹீமோகுளோபின், ஹீமோபிலியா எல்லாம் ஹைமாவின் வழிவந்தவை. ஆக, லுகேமியா என்றால் 'வெள்ளை இரத்தம்', அவ்வளவுதான். நோய் என்ற பொருளோ புற்று என்ற பொருளோ அந்தச் சொல்லுக்குள் இல்லை.

ஏன் வெள்ளை? 1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கூரைக்குக் கற்பலகை வேயும் 28 வயது இளைஞர், வயிற்றின் இடப்பக்கம் பெரிதாக வீங்கி இறந்தவர். இரத்தத்தில் நிறமற்ற அணுக்கள் மண்டியிருப்பதைப் பார்த்த பென்னட், இரத்தமே சீழ்பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார். சில வாரங்களிலேயே பெர்லினில் ருடோல்ஃப் விர்கோவ் என்ற மருத்துவர், சமையல் வேலை பார்த்துவந்த ஒரு பெண்ணின் உடலில் இதையே கண்டார். விர்கோவுக்கு அப்போது வயது 24. எங்கும் புண் இல்லை, அழற்சி இல்லை, அப்புறம் சீழ் எங்கிருந்து வரும் என்பது அவருடைய கேள்வி. அவை எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கும் வெள்ளையணுக்களே, சிவப்பணுக்களுக்கும் அவற்றுக்கும் உள்ள விகிதம்தான் தலைகீழாகிவிட்டது என்று எழுதினார். காரணம் தெரியாத நிலையில் காரணத்தைச் சொல்லும் பெயரை அவர் வைக்கவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்லி, ஜெர்மனில் 'வைசஸ் புளூட்', அதாவது வெள்ளை இரத்தம் என்றார். 1847-இல் அதையே கிரேக்க வேரில் 'லோய்க்கேமி' ஆக்கினார். பென்னட் பிறகு 'லியூகோசைதீமியா' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். 'வெள்ளையணு மிகுந்த இரத்தம்' என்று இன்னும் துல்லியமாகப் பொருள் தரும் சொல்தான், ஆனால் நிலைக்கவில்லை.

அவர்கள் பார்த்த வெள்ளையை இன்றும் பார்க்கலாம். உறையாத இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வேகமாகச் சுழற்றினால் மூன்றாகப் பிரியும். மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா, பாதிக்குச் சற்று அதிகம். கீழே சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு மெல்லிய ஏடு. வெள்ளையணுக்களும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் சேர்ந்த அந்த ஏடு, நலமாக இருப்பவரிடம் மொத்தத்தில் 1 விழுக்காடுகூட இருக்காது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளையணுக்கள் சில லுகேமியாக்களில் லட்சத்தைத் தாண்டும். அப்போது அந்த ஏடு தடித்து, குழாயில் ஒரு பட்டையாகவே தெரியும்.

ஆனால் இந்தப் பெயர் ஏமாற்றவும் செய்யும். லுகேமியா உள்ள எல்லோருக்கும் வெள்ளையணு எண்ணிக்கை ஏறுவதில்லை. சிலருக்கு இயல்பான அளவிலேயே இருக்கும், சிலருக்குக் குறைந்தும் இருக்கும். ஏனென்றால் நோயின் இருப்பிடம் இரத்தம் அல்ல, எலும்பு மஜ்ஜை. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும்தான் மூலம் என்று விர்கோவ் நினைத்திருந்தார். இரத்த அணுக்கள் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன என்று எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1868-இல் சொன்ன பிறகுதான் தேடல் சரியான இடத்துக்கு வந்தது. மஜ்ஜையில் முதிராத அணுக்கள், மருத்துவர்கள் 'பிளாஸ்ட்' என்று சொல்பவை, நிற்காமல் பெருகி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணு குறைய, சோர்வும் மூச்சிரைப்பும். தட்டணு குறைய, ஈறில் கசிவும் தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளும். வெள்ளையணு ஏராளமாக இருந்தும் வேலை செய்யக்கூடியவை இல்லாததால் அடிக்கடி காய்ச்சல்.

இப்போது சீனத்துக்குப் போவோம். லுகேமியாவுக்குச் சீனச் சொல் 'பாய்ஷ்யுவேபிங்'. பாய் வெள்ளை, ஷ்யுவே இரத்தம், பிங் நோய். பார்த்ததும் இது பழைய சீன மருத்துவச் சொல் என்று தோன்றும். அப்படி இல்லை, விர்கோவின் சொல்லை அப்படியே பெயர்த்தது. ஜப்பானியரும் அதே மூன்று எழுத்துகளை எழுதி 'ஹக்கெட்சுப்யோ' என்று படிக்கிறார்கள். மரபுச் சீன மருத்துவத்தில் இந்த நோய்க்குத் தனிப்பெயர் கிடையாது. இருக்கவும் முடியாது, நுண்ணோக்கி இல்லாமல் வெள்ளையணுவை யாரும் எண்ணியிருக்க முடியாது அல்லவா?

மரபு மருத்துவர்கள் பார்த்தது நோயாளி படும் பாட்டை. மெலிந்து, வெளுத்து, எழ முடியாமல் கிடந்தால் 'ஷூலாவ்', வெறுமையால் வந்த தளர்ச்சி. அதுவே காய்ச்சலோடு விரைந்து முற்றினால் 'ஜிலாவ்', அவசரத் தளர்ச்சி. மூக்கிலும் ஈறிலும் தோலிலும் இரத்தம் கசிந்தால் அது 'ஷ்யுவேசெங்' என்ற இரத்தப்போக்கு வகை. மண்ணீரல் பெருத்து வயிற்றில் கையில் தட்டுப்பட்டால் 'செங்ஜி', திரண்டு நிற்கும் கட்டி. ஒரே லுகேமியா இந்த நான்கில் எதற்குள்ளும் வரலாம். அதேபோல 'ஷூலாவ்' என்று சொல்லப்பட்டவர்களில் பலருக்கு வேறு நோய் இருந்திருக்கும். இரண்டு முறைகளையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து 'இது அதுதான்' என்று சமன்பாடு எழுதுவது சரியாக வராது. இன்றைய சீன மருத்துவமனைகளில் நோயை மேற்கத்திய முறையில் உறுதிசெய்துவிட்டு, அதற்குமேல் நோயாளியின் அன்றைய நிலையை மரபு முறையில் வகைப்படுத்துகிறார்கள். வெப்ப நச்சு மிகுந்த நிலை, 'ச்சி' என்னும் உயிராற்றலும் 'யின்' என்னும் குளிர்ச்சிக் கூறும் வற்றிய நிலை என்பது போல.

சிறுநீரகம் எலும்பை ஆள்கிறது, மஜ்ஜையைப் பிறப்பிக்கிறது என்பது சீன மருத்துவத்தின் பழைய கோட்பாடு. நச்சு மஜ்ஜைக்குள் இறங்கியதால் லுகேமியா வருகிறது என்று இக்கால மரபு மருத்துவர்கள் விளக்குவது இதை வைத்துத்தான். மஜ்ஜை என்ற சொல்லைப் பார்த்ததும் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் 'சிறுநீரகம்' உடலைத் திறந்தால் காணும் உறுப்பு மட்டும் அல்ல, வளர்ச்சி, பிறப்பு, முதுமை எல்லாவற்றையும் தாங்கும் ஓர் ஆற்றலின் பெயர். அந்த மஜ்ஜையும் நாய்மன் கண்ட அணு உற்பத்திக்கூடம் அல்ல.

இரு மருத்துவங்களும் உண்மையில் சந்தித்த இடம் வேறு: நஞ்சு. நம் சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாடாணம் என்பார்களே, அந்த ஆர்சனிக் டிரையாக்சைடு. 1970-களின் தொடக்கத்தில் வடகிழக்குச் சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள், கிராமத்து வைத்தியர் ஒருவர் புற்றுக்குக் கொடுத்துவந்த மருந்தைக் கையில் எடுத்தார்கள். அதில் மூன்று சரக்குகள்: பாடாணம், பாதரச உப்பு, தேரை நஞ்சு. மருந்தாளர் ஹான் தையுன் அதை ஊசிமருந்தாக மாற்றினார். மருத்துவர் சாங் திங்தோங்கும் மற்றவர்களும் ஒவ்வொரு சரக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது, தேரை நஞ்சு இரத்த அழுத்தத்தைக் கூட்டியது. இரண்டையும் நீக்கினார்கள். பாடாணம் மட்டும் மிஞ்சியது, வேலை செய்ததும் அதுதான். குறிப்பாக ஏ.பி.எல். (அக்யூட் புரோமயலோசைட்டிக் லுகேமியா) என்ற ஒரு வகையில்.

ஏ.எம்.எல். (அக்யூட் மயலாய்டு லுகேமியா) நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வருவது இந்த ஏ.பி.எல். கட்டுப்படாத இரத்தப்போக்கால் சில நாள்களிலேயே உயிரைப் பறித்துவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சிய வகை. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ஓர் இணைப்புப் புரதம் உருவாகி, அணுக்களை முதிரவிடாமல் தடுக்கிறது. ஷாங்காயில் மருத்துவர் வாங் சென்யி 1980-களின் நடுவில் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினோயிக் அமிலத்தைக் கொடுத்து, அந்த அணுக்களைக் கொல்லாமலே முதிரவைக்க முடியும் என்று காட்டினார். பாடாணமோ அதே புரதத்தின் மறுபாதியைப் பற்றிச் சிதைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த இத்தாலிய, ஜெர்மானிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அபாயம் குறைந்த ஏ.பி.எல். நோயாளிகளில், இரண்டு ஆண்டுகள் சிகிச்சை தோற்காமல், நோய் திரும்பாமல், உயிரோடு இருந்தவர்கள் 97 விழுக்காடு. ரெட்டினோயிக் அமிலத்தோடு வழக்கமான கீமோதெரபி பெற்றவர்களில் அது 86. அஞ்சி ஒதுங்கிய நோயைக் கீமோ இல்லாமலே குணமாக்கும் வழி பிறந்தது.

நஞ்சை நஞ்சால் முறிப்பது என்பது சீன மருத்துவத்தில் பழைய வழக்கு. ஆனால் பாடாணம் கிழக்குக்கு மட்டும் சொந்தமல்ல. தாமஸ் ஃபவுலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1786-இல் பரப்பிய ஆர்சனிக் கரைசலை 1865-இல் லிஸ்ஸாவர் என்ற ஜெர்மானிய மருத்துவர் லுகேமியாவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு மேற்கு அதைக் கைவிட்டது. ஹார்பினின் சாதனை மருந்தைக் கண்டுபிடித்ததில் அல்ல, பிரித்து, சோதித்து, எந்த வகை லுகேமியாவுக்குப் பொருந்தும் என்று கண்டறிந்ததில் இருக்கிறது என்பது என் கருத்து. இன்னொரு எடுத்துக்காட்டு: பதினொரு சரக்குள்ள ஒரு சீன மாத்திரை நாட்பட்ட மயலாய்டு லுகேமியாவில் (சி.எம்.எல்.) ஓரளவு பயன் தந்தது. பிரித்துப் பார்த்ததில் பலன் தந்தது சிங்தாய் என்ற நீலச்சாயத் தூள், அதற்குள் இண்டிரூபின் என்ற வேதிப்பொருள். இந்த வகைக்கு 2001-இல் இமாட்டினிப் என்ற மருந்து வந்தபிறகு அதன் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பாடாணத்தை ஊசியில் ஏற்றும்போது இ.சி.ஜி. எடுத்து, பொட்டாசியம், மக்னீசியம் அளவு பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள், இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால். ஏ.பி.எல். அல்லாத லுகேமியாக்களில் அது வழக்கமான சிகிச்சை அல்ல. 'சீன மருந்து, இயற்கை மருந்து' என்று சொல்லி யாரோ விற்கும் பொடியில் ஆர்சனிக்கும் பாதரசமும் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. கீமோ நடக்கும்போது எந்த மூலிகையானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கவே கூடாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வெண்குருதிப் புற்றுநோய்' என்ற ஆக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'வெள்ளணுப் புற்றுநோய்' என்றும் எழுதுகிறார்கள். பின்னது தெளிவாகத் தோன்றினாலும், லிம்போமாவும் வெள்ளையணுப் புற்றே என்பதால் பழைய குழப்பம் திரும்பி வந்துவிடும். சிவப்பணு மரபிலிருந்து கிளம்பும் அரிய லுகேமியாவும் உண்டு, அதற்கும் அது பொருந்தாது. நான் வெண்குருதிப் புற்றுநோய் பக்கம். மூலச்சொல்லின் இரண்டு வேரும் அதில் இருக்கின்றன, புற்று என்ற விளக்கமும் சேர்ந்துவிடுகிறது. 'புற்றுநோய்' என்பதை மட்டும் விட்டுவிட்டு 'வெண்குருதி நோய்' என்று சுருக்கக் கூடாது. சித்த மருத்துவத்தில் வெளுப்பு நோய் என்றால் பாண்டு, அதாவது சோகை. நோயாளியும் வெளுத்துத்தான் இருப்பார், ஆகவே குழப்பம் எளிதில் வரும். புற்று என்றதும் 'கட்டி எங்கே, அறுத்து எடுத்துவிடலாமே' என்று கேட்பவர்களுக்கு, மஜ்ஜை முழுவதும் பரவிய நோய் இது, அறுக்க ஓரிடத்தில் நிற்பதில்லை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வகைப் பெயர்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். அக்யூட் என்பதைத் 'தீவிர' என்றும், கிரானிக் என்பதை 'நாட்பட்ட' என்றும் பெயர்க்கிறோம். இவை நோயின் வேகத்தைக் குறிப்பவை, கட்டத்தை அல்ல. 'நாட்பட்ட' என்று கேட்டதும் கவனிக்காமல் விட்டு முற்றிப்போனது என்று குடும்பத்தார் பதறுகிறார்கள். உண்மையில் நாட்பட்ட லிம்போசைட்டிக் வகையில் (சி.எல்.எல்.) பலருக்கு உடனே மருந்தே தேவைப்படாது, கண்காணித்தாலே போதும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) 'தீவிர' வகைதான், ஆனால் நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். அதனால் 'விரைந்து வளரும்', 'மெல்ல வளரும்' என்று எழுதுவது நல்லது. ஏ.எம்.எல்., ஏ.எல்.எல்., சி.எம்.எல்., சி.எல்.எல். என்ற சுருக்கங்களை மட்டும் மொழிபெயர்க்காமல் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். பரிசோதனை அறிக்கையிலும் மருந்துச் சீட்டிலும் இருக்கப்போவது அவைதான்.