கத்திரி வெயிலுக்குக் கெட்டி ஆயிலா? டர்போ கார் வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டியது

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தினமும் இதே பேச்சுதான். "அண்ணா, வெயில் இப்படிப் போட்டுக் கொளுத்துதே, இந்த வாட்டி 20டபிள்யூ-50 ஊத்திடலாமா?" 20டபிள்யூ-50 என்பது கெட்டியான இன்ஜின் ஆயிலின் கிரேடு. கேட்பவர்கள் பெரும்பாலும் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் தம்பிகள். போலோ ஜிடி, ஐ20 என் லைன், வெர்டஸ், எப்போதாவது ஒரு ஆக்டேவியா ஆர்எஸ். மாசத் தவணை கட்டி, காரை உயிராகப் பார்த்துக்கொள்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் நல்லது செய்வதாக நினைத்து இன்ஜினைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியும். வடசென்னை துறைமுகத்தையும் லாரியையும் நம்பிப் பிழைக்கிற ஊர். இங்கே மெக்கானிக் என்றால் முக்கால்வாசிப் பேர் லாரியில் கை பழகியவர்கள். அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டிய தலைமுறை இன்னும் தெருவில் இருக்கிறது. அந்த இன்ஜின்களில் பேரிங் இடைவெளி தாராளம். ஆயில் கெட்டியாக இருந்தால்தான் அந்த இடைவெளியில் நிற்கும், பிரஷரும் இறங்காது. பெரியவர்கள் சொன்னது அவர்கள் வண்டிக்குச் சரி. இன்றைய ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜின் வேறு அளவில் செதுக்கிய சாமான்.

வெயில் கணக்குக்கு வருவோம். சென்னையில் பதிவான உச்சம் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. ஜனவரியில் விடியற்காலை 20 டிகிரி இருக்கும். நமக்கு இந்த வித்தியாசம் பெரிசு. ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலுக்கு இது அவ்வளவு பெரிசில்லை. கூலன்ட்டை தெர்மோஸ்டாட் 90 டிகிரிக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆயில் 100, 110-ல் நிற்கும். மார்கழியானாலும் சித்திரையானாலும் கிட்டத்தட்ட அதேதான். ஆயிலின் சூட்டை முக்கியமாகத் தீர்மானிப்பது நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கிற விதமும், ரேடியேட்டர் இருக்கிற நிலையும்தான்.

டப்பா மேல் இருக்கும் எண்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான அளவு. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். பின்னால் இருக்கும் 30, 40, 50 என்பது 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கானது. "நமக்கு ஏது பனி, முன் நம்பர் எதுவா இருந்தா என்ன" என்று கேட்பார்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 100 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த ஆயிலுக்கு நம் ஊர் 30 டிகிரி காலையே குளிர்தான். 40 டிகிரியில் ஒரு 5டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை 60, 70 சென்டிஸ்டோக் இருக்கும். 20டபிள்யூ-50 என்றால் 160-ஐத் தாண்டும். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆயில், வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டுக்கும் டர்போ பேரிங்குக்கும் ஏறிப் போய்ச் சேர வேண்டும். ஃபில்டர் வழியாக நுழைய முடியாமல் திணறினால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே உள்ளே போகும். கெட்டி ஆயிலில் பிரஷர் அதிகம் காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். நகர மறுக்கிற ஆயிலும் பிரஷர் காட்டும்.

போன சீசனில் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் டர்போ, ரீமேப் செய்தது, அதாவது பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் சில நொடிகள் 'டக டக' சத்தம், அப்புறம் அடங்கிவிடும். செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டால் கேம்ஷாஃப்ட் டைமிங் கோளாறு, பி0011 என்ற பிழைக் குறியீடு. வேறொரு இடத்தில் "சென்சார் போச்சு" என்று சொல்லி சென்சாரையும் மாற்றியிருந்தார்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் ஊற்றாக விழாமல் கயிறு மாதிரி இறங்கியது. "எந்த கிரேடுப்பா போட்ட?" என்றேன். "சம்மர்னு 20டபிள்யூ-50 போட்டாங்கண்ணா." வால்வு டைமிங்கை மாற்றுகிற அமைப்பு ஆயில் பிரஷரில்தான் இயங்குகிறது, அதன் சோலனாய்டு வால்வில் வழிகள் மிகச் சின்னவை. மேனுவலில் சொன்ன கிரேடும் புது ஃபில்டரும் போட்டு, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து அனுப்பினோம். லைட் திரும்ப வரவில்லை, சத்தமும் போனது.

அப்படியானால் கோடையில் எதைக் கவனிக்க வேண்டும்? எங்கள் பக்கத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது. நடுவில் உங்கள் கார், ஏசி முழு வேகத்தில். முன்னால் காற்று இல்லை, ஏசி கண்டென்சர் கக்குகிற சூடு முழுக்க ரேடியேட்டர் மேல். பல டர்போ கார்களில் ஆயில் கூலர் என்பது ஃபில்டர் பக்கத்தில் கூலன்ட் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டிதான். கூலன்ட் சூடானால் ஆயிலும் சூடாகும். ஆகவே முதலில் பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பாருங்கள். லாரித் தூசியும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்து பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். எங்களிடம் வருகிற "ஓவர்ஹீட்" கார்களில் பாதி, அதைக் கழுவியதும் சரியாகிவிடுகிறது.

இன்னொன்று, தயவுசெய்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறிப் பல பத்தாண்டு ஆகிறது. கடலோரம் முழுக்க நிறைய போர்களில் உப்புத் தண்ணீர்தான். அது உள்ளே படியும், அலுமினியத்தை அரிக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர், வேறெதுவும் வேண்டாம். ஃபேன் இரண்டு ஸ்பீடிலும் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு உண்டு. சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ஆசையாகப் பேசுவார்கள். இப்போது நம் பசங்க போவது இருங்காட்டுக்கோட்டைக்கு. சுற்றுக்குச் சுற்று உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஆயில் 120, 130 டிகிரியைத் தொடும். அங்கே படலம் மெலிந்து பேரிங் அடிபடும் ஆபத்து நிஜம். ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி8-ஐப் பாருங்கள். 2012-ல் சாலையில் ஓடுகிற ஜிடிக்கு 5டபிள்யூ-20 சொன்ன அதே கம்பெனி, அந்த இன்ஜினை ட்ராக்குக்காகத் தயார் செய்த பாஸ் 302-க்கு 5டபிள்யூ-50 சொன்னது. சில பழைய பிஎம்டபிள்யூ எம் இன்ஜின்களுக்கு 10டபிள்யூ-60 என்பதும் இந்த மாதிரி அந்தந்த இன்ஜினைப் பார்த்துச் சொன்னதுதான். அதைப் பார்த்து ஒரு லிட்டர் டர்போவில் 60 ஊற்றுவது வீண் வேலை. ட்ராக் போகிறவர்கள் மேனுவல் அனுமதித்தால் ஒரு படி, 30-லிருந்து 40-க்கு ஏறுங்கள். திரும்பி வந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு மேல் ஏற்றித் தருவதில்லை.

படி ஏறாமலேயே பலம் கூட்டவும் வழி உண்டு, அது டப்பாவின் பின்பக்கம் இருக்கிறது. 150 டிகிரியில் பேரிங்குக்குள் நசுங்கும்போது படலம் எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு எச்டிஎச்எஸ் என்று ஓர் அளவு உண்டு. 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. ஆனால் ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கமான ஏசிஇஏ-வின் தரம், ஏ3/பி4 அல்லது சி3 என்று போட்ட 5டபிள்யூ-30 ஆயிலும் 3.5-க்குக் குறையாது. உங்கள் கம்பெனி இந்தத் தரத்தை ஏற்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். 0டபிள்யூ-20 மட்டும் சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம்.

அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் ஏபிஐ எஸ்பி என்ற தரமும் முக்கியம். 2020 மே மாதம் வந்தது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கிற ஒரு கோளாறு உண்டு. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் அதைத் தூண்டுகிறது என்று தெரிந்து, அதற்கான சோதனையோடு வந்த தரம் இது. மூலக்கடை மேம்பாலத்தில் கியர் இறக்காமல் நாலாவதிலேயே மிதித்து ஏற்றுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

மாதம் ஒரு முறை ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், குட்டிக் குட்டித் தூரம் ஓடி ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது. அந்த ஆயில் எந்த கிரேடாக இருந்தாலும் மெலிந்துவிட்டது, மாற்றுங்கள். இந்த நெரிசலில் ஓடும் டர்போ வண்டிக்கு 7,500 கிலோமீட்டரே அதிகம் என்பது என் கருத்து.

கடைசியாக, போலி ஆயில். கிரேடைப் பார்த்துப் பார்த்து வாங்கி, உள்ளே இருப்பது சுத்திகரித்த கழிவு ஆயிலாக இருந்தால் எல்லாம் பாழ். அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். மூடி வளையமும் பேட்ச் எண்ணும் சரியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் கண்ணெதிரே சீல் உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலி டப்பாவை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். அது காயலான் கடை வழியாகப் போய், திரும்ப நிரப்பப்பட்டு இன்னொருவர் இன்ஜினுக்கு வரும். அங்கேயே ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, அடியில் இரண்டு இடத்தில் குத்திவிட்டுக் கிளம்புங்கள்.