35 மார்க் வாங்கிவிட்டான், வாசிக்கத்தான் தெரியவில்லை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 2019-20 கல்வியாண்டிலிருந்து இரண்டு தாள்கள் ஒன்றாகி, இப்போது 100 மார்க்குக்கு ஒரே தாள். முதல் பகுதியில் 14 ஒரு மார்க் கேள்விகள். அதில் 6 ஒத்த சொல்லும் எதிர்ச்சொல்லும். பட்டியலை ஒப்பித்தால் போதும். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் ரோடு மேப் கேள்விக்கு எந்தப் படம் வந்தாலும் ‘கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட்’ என்று எழுதிவைத்தால் பாதி மார்க்காவது விழும். மனப்பாடப் பாடலுக்கு 5. கடிதத்தில் முகவரி, தேதி, விளிப்பு, கையொப்பம் என்று சட்டகம் போட்டாலே ஏதோ கிடைக்கும். முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விக்கும் ஒரு வழி இருக்கிறது. கேள்வியில் உள்ள பெரிய சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே பார்த்து எழுது. பத்தி எதைப் பற்றியது என்று தெரிய வேண்டியதே இல்லை.

இந்த வழிகளை எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்னைப் போன்ற ஆங்கில ஆசிரியர்கள்தான். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு என்று மினிமம் மெட்டீரியல் போட்டு, மாலைச் சிறப்பு வகுப்பில் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறோம். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பாடத்தில் விழுந்துவிட்டால் பல வீடுகளில் அந்தப் பிள்ளையின் படிப்பே அத்தோடு நின்றுவிடும். ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் 35 வாங்கிய பிள்ளைக்கு, சில சமயம் 60 வாங்கிய பிள்ளைக்கும்கூட, ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாமல் இருக்கலாம். மார்க் ஷீட்டில் அது தெரியாது.

வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலப் பாடநூலில் இன்னும் நடத்தாத பாடம் ஒன்றைத் திறந்து, ஆறேழு வரி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடம் வேண்டாம், அதைக் காதால் கேட்டே பாதி மனப்பாடம் செய்திருப்பார்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். சொல் சொல்லாகத் தடுக்கி நிற்கிறதா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறதா, சரளமாகப் படித்துவிட்டுக் கதை கேட்டால் முழிக்கிறதா என்று கவனித்தால் போதும். மூன்றாவது வகைதான் கண்ணில் படாமல் போய்விடும். உச்சரிப்பு நன்றாக இருப்பதால் வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்லி நாங்களும் பாராட்டிவிடுவோம்.

புத்தகத்தைத் திறந்ததும் இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் இருக்கிறதா? உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் படிக்கும் பழக்கம் நிறையப் பிள்ளைகளிடம் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது அழிரப்பர் படும் பாட்டைச் சொல்லி மாளாது. இதில் இரண்டு கேடு. ஒன்று, கண் கடைசிவரை ஆங்கில எழுத்தைப் பார்ப்பதே இல்லை. இரண்டு, தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றுதான், டகரமும் பகரமும் அப்படித்தான். பையும் ‘பேக்’, முதுகும் ‘பேக்’. ஆடும் ‘கோட்’, மழைக்குப் போடும் அங்கியும் ‘கோட்’. பன்றியும் ‘பிக்’, பெரியதும் ‘பிக்’. தமிழில் சொல்லில் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. அந்தப் பென்சில் எழுத்தைத் திட்டி அழிக்க வைப்பதால் பயனில்லை. பிள்ளை தன்னால் முடியாததைச் சமாளிக்கிற வழி அது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை எட்டாம் வகுப்பிலும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தால் தானாகவே குறைகிறது.

முதலிலிருந்து என்றால் புத்தகமும் கீழிருந்துதான் வர வேண்டும். வாசிப்பு ஆய்வில் பேர்பெற்ற பால் நேஷன், ஒரு கதையைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதுச் சொல். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு ஒரே வரியில் மூன்று புதுச் சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாசிப்புப் பயிற்சி நடத்தினால் பயிற்சி நடப்பது எனக்குத்தான், அவர்களுக்கு இல்லை. மூன்றாம், நான்காம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தால் சரளமாகப் போகும். ஆனால் வெட்கம் ஒன்று இருக்கிறதே. பதினான்கு வயசுப் பையன் தம்பியின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டான். பிரவுன் அட்டை போட்டுக் கொடுங்கள், வாங்கிக்கொள்வான். போன் இருந்தால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை 1 முதல் 4 வரை பிரித்த கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைத் தேடி, முதலில் தமிழில் படிக்கட்டும், அப்புறம் ஆங்கிலத்தில்.

இதொன்றும் புதுச் சரக்கு இல்லை. 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் இதே சிக்கலைத்தான் பார்த்தார். பெரும்பாலான பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நிற்கிற அன்று கையில் என்ன மிஞ்சும் என்பது அவருடைய கேள்வி. பேச்சுக்கும் எழுத்துக்கும் முன்னால் வாசிப்பை வைக்க வேண்டும் என்றார். வாசிக்கக் கற்றவன் பள்ளியை விட்டபின்னும் தானே மேலே போகலாம் அல்லவா? வெறும் யோசனையோடு நிற்காமல், புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைக்கும் வாசிப்பு நூல்களையும் தயாரித்தார். ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1953-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த எளிய ஆங்கில நூல்கள் பலவற்றுக்கும் அது அடித்தளமானது. இத்தனை ஆண்டு கழித்தும் நம் வகுப்பறையில் வாசிப்புக்குக் கிடைக்கும் நேரம், பாடம் நடத்தி முடித்து மிச்சம் இருந்தால்தான்.

இருக்கும் நேரமும் வீணாகிறது. ஒருவன் எழுந்து நின்று ஒரு பத்தி படிப்பான், அடுத்தவன் அடுத்த பத்தி. 40 பேர் உள்ள வகுப்பில் 45 நிமிடப் பாடவேளையில் ஒருவருக்கு ஒரு நிமிடம். மீதி 44 நிமிடமும் தன் முறை எப்போது, எந்தப் பத்தி என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் இதை விட்டுவிட்டேன். இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் படிக்க ஒருவர் கேட்க, பாடவேளையின் முதல் பத்து நிமிடம். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரையும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. முக்கியமானது, அதே சிறு பத்தியை அடுத்தடுத்த நாட்களிலும் படிக்க வேண்டும். முதல் நாள் திக்கித் திணறியவர் நான்காம் நாள் நிறுத்தக் குறியில் நின்று படிப்பார். தன்னால் முடிகிறது என்று அவருக்கே தெரிவது அப்போதுதான்.

சொல்வளத்துக்கு வருவோம். ஒத்த சொல் பட்டியலை ஐந்து முறை இம்போசிஷன் எழுதுவது கைக்குப் பயிற்சி. வெள்ளிக்கிழமை டெஸ்டில் பத்துக்குப் பத்து வாங்கிய பெண்ணிடம் அடுத்த புதன்கிழமை கேட்டுப் பாருங்கள். வாரம் ஐம்பது சொல்லுக்குப் பதில் பத்தே சொல் எடுத்து, அதையே மறுநாளும், நான்கு நாள் கழித்தும், அடுத்த மாதமும் வேறு வேறு வாக்கியத்தில் சந்திக்க வைப்பதுதான் நிலைக்கிறது.

அதைவிடச் சுலபமான ஒரு தொடக்கம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. ஆங்கிலமே தெரியாது என்று சொல்லும் பிள்ளையின் வாயில் நாள் முழுக்க ஆங்கிலச் சொல்தான். சார்ஜ், பேலன்ஸ், டெலிவரி, அட்வான்ஸ், சிக்னல், ரிசல்ட், டோக்கன், லோடு. நீங்கள் வீட்டில் பேசும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை நிரம்பிவிடுகிறது. பொருள் தெரியும், சொல்லத் தெரியும், எழுத்தில் கண்டால் மட்டும் அடையாளம் தெரியாது. மூன்று வேலையில் இரண்டு முடிந்துவிட்டது, எழுத்தோடு இணைப்பதுதான் பாக்கி. ரீசார்ஜ் செய்தி, மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், கடையில் பணம் அனுப்பியதும் போனில் வரும் வரி எல்லாமே இதற்குப் பாடநூல்தான். கடைக்கு அனுப்பும் பிள்ளையிடம், அந்தப் பாக்கெட்டில் தேதி போட்டிருக்கும் வரியைப் படித்துவிட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

இலக்கணம். இங்கேதான் எனக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கும் ஒத்துப்போவதில்லை. அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ’ வந்தால் ‘ஹீ’ போடு, ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’ போடு. பேசியது பெண்ணாக இருந்தாலும் பையன் ‘ஹீ’ போட்டுவிட்டு வருவான், அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. இவ்வளவுக்கும் இந்த வித்தை அவனுக்குத் தமிழில் தண்ணீர் பட்ட பாடு. குமார் ‘நான் நாளைக்கு வரமாட்டேன்’ என்று சொன்னதை என்னிடம் வந்து எப்படிச் சொல்கிறான்? ‘சார், குமார் நாளைக்கு வரமாட்டானாம்.’ ‘நான்’ போய்விட்டது, வினையும் மாறிவிட்டது. யாரும் அட்டவணை கொடுக்கவில்லை. வகுப்பில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மூன்றாமவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி, முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில் நடத்தினால் அட்டவணை கடைசியில் ஒரு நினைவுக்குறிப்பாக மட்டும் தேவைப்படும்.

செயப்பாட்டு வினையும் அப்படித்தான். ‘மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டுள்ளது’ என்பதைவிட இனிப்பான வாக்கியம் அவர்களுக்கு உண்டா? அறிவித்தது யார் என்று அதில் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். செய்தவரைச் சொல்ல வேண்டாத இடத்தில்தான் அந்த வடிவம் வேண்டும் என்று புரிந்துவிட்டால், செய்தித்தாளைத் திறந்து அவர்களே பத்து வாக்கியம் எடுத்துவருவார்கள்.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன. ‘அவர் டாக்டர்’ என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. அதனால் ‘ஹீ டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். நடுவில் ‘இஸ்’ வேண்டும் என்று அடித்துச் சொன்னால், அடுத்த வாரம் எல்லா வினைக்கும் முன்னால் ஒரு ‘இஸ்’ நிற்கும். இதைவிடப் பெரிய இடைஞ்சல் நீண்ட வாக்கியத்தில். ‘நேற்று கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்த பையன்’ என்று தமிழில் விவரமெல்லாம் முன்னால் வந்து, ஆள் கடைசியில் வருவான். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், விவரம் அவன் பின்னால் வால்போல நீளும், வினை அதற்கும் அப்பால். நம் பிள்ளைகள் பத்தியில் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த வாலில்தான். அருஞ்சொல் தெரியாததால் என்று நினைத்து நாம் அகராதியைக் கொடுக்கிறோம். யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு, நடுவில் உள்ளதை அடைப்புக்குள் தள்ளச் சொல்லுங்கள். இலக்கணம் வாசிப்புக்கு உதவுகிற இடம் இதுதான். தேர்வில் தனி வாக்கியங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இதையே கேட்கிறார்கள். ஆனால் பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் பழகிய பிள்ளைக்கும் கைடில் பழகிய பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்து பல மாதம் ஆகியும் நகரவில்லை என்றால் முதலில் கண் பரிசோதனை. அடுத்து தமிழ் வாசிப்பையும் பாருங்கள். தமிழிலும் தடுமாறினால் ஆங்கிலத்தை ஒத்திவைத்துவிட்டுத் தமிழைச் சரிசெய்வதுதான் வழி, அதுவே பிறகு ஆங்கிலத்தைக் கைதூக்கிவிடும். பேச்சில் கெட்டிக்காரராக இருந்து, இரண்டு மொழியிலும் எழுத்து புரண்டு புரண்டு வந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உரியவர்களிடம் காட்டுங்கள். சோம்பேறி என்று பெயர் வைக்காதீர்கள். சான்றிதழ் பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும், தேர்வு நெருக்கத்தில் ஓடினால் காகிதம் நகராது.

பெற்றோர் கூட்டத்தில் அதிகம் கேட்கப்படுவது, எந்த கிராமர் புத்தகம் வாங்கலாம் என்பது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம். அந்தப் பணத்துக்குச் சின்னச் சின்னக் கதைப்புத்தகங்கள் நாலு வரும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தப்பில்லை, ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கேயும் நோட்டில் தமிழில் எழுதித்தான் பேசிப் பழகும்.

பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பில் இருந்து, ஜனவரியும் வந்துவிட்டது என்றால் நேராகவே சொல்கிறேன். இனி வாசிப்பை ஆரம்பித்துத் தேர்வுக்கு முன் கரைசேர முடியாது. மினிமம் மெட்டீரியலை ஒழுங்காகப் படித்துத் தேர்ச்சி பெறட்டும். தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் வரை சில வாரங்கள் கிடைக்கும். அப்போது ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து, தினம் பத்து நிமிடம்.