விங்: சிறகா, அணியா?

2019-இல் செய்திகளில் ஓயாமல் அடிபட்டது 'விங் கமாண்டர் அபிநந்தன்' என்ற பெயர். அந்தப் பதவிப் பெயரில் இருக்கும் 'விங்' ஒரு படைப்பிரிவு. ஆனால் எவ்வளவு பெரிய பிரிவு என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது, பொருள் சிறகு. விமானத்தால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரோமானியரே தங்கள் குதிரைப்படைப் பிரிவை 'ஆலா', அதாவது சிறகு, என்றுதான் அழைத்தார்கள். வானில் இந்தப் பெயர் நிலைத்தது முதல் உலகப் போரில். 1914 நவம்பரில், பிரான்சுக்குப் போயிருந்த பிரிட்டிஷ் பறக்கும் படை தன் ஸ்குவாட்ரன்களை, அதாவது சிறு விமானப் பிரிவுகளை, சேர்த்து விங்குகளாக அமைத்தது.

பிரிட்டிஷ் முறையில் பல விங்குகள் சேர்ந்தால் ஒரு குரூப். நம் விமானப்படையிலும் விங் கமாண்டருக்கு மேலே குரூப் கேப்டன் இருப்பது அந்த வழியில்தான். அமெரிக்கர்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: அங்கே பல குரூப்புகள் சேர்ந்தது விங்.

ஜப்பானின் ஒகினாவாவில், கடேனா தளத்தில் உள்ள அமெரிக்காவின் 18-ஆவது விங்கைப் பாருங்கள். 1948-இல் பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் தொடங்கி, கொரியப் போரில் மஸ்டாங் விமானங்களோடு இறங்கியது. தென்னாப்பிரிக்காவின் 2-ஆவது ஸ்குவாட்ரனும் அதோடு சேர்ந்து பறந்தது. 1954-இல் கடேனாவுக்கு வந்து இன்றும் அங்கேயே இருக்கிறது. 'ஃபைட்டர்-பாம்பர் விங்', 'டாக்டிகல் ஃபைட்டர் விங்' என்று பெயர் மாறி மாறி, 1991-இல் வெறும் '18-ஆவது விங்' ஆனது. போர் விமானங்களோடு எரிபொருள் நிரப்பும் விமானங்களும் ரேடார் விமானங்களும் அதன்கீழ் வந்த பிறகு 'ஃபைட்டர்' பொருந்தவில்லை. பழுதுபார்ப்பவர், மருத்துவர், தீயணைப்பவர், கட்டடப் பொறியாளர் எல்லோரும் விங்கில் அடக்கம். பறப்பவர்கள் ஒரு பங்குதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? கட்சிகளின் 'யூத் விங்'கை 'இளைஞர் அணி' ஆக்கி நன்றாகவே பழகிவிட்டோம். ஆனால் ஸ்குவாட்ரனைப் 'படையணி' என்று எழுதுவதால் இங்கே 'அணி' குழப்பும். 'பிரிவு' எதற்கும் பொருந்தும். அதனாலேயே எதையும் சுட்டாது. சோழர் கல்வெட்டுகளில் 'வலங்கை வேளைக்காரப் படைகள்' உண்டு. அவர்கள் படைக்குச் சிறகல்ல, கைதான்! அழகான வழக்கு, ஆனால் இன்று 'கை' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. எனக்குச் 'சிறகணி' பிடிக்கிறது: 18-ஆவது சிறகணி. பதவிப் பெயரை மட்டும் விங் கமாண்டர் என்றே விட்டுவிடலாம். 'சிறகணித் தளபதி' என்று எழுதினால் அபிநந்தனையே அடையாளம் தெரியாது.