பரணில் இருந்து இறக்கிய ஸ்பெக்ட்ரத்தை உடனே பிளக்கில் சொருகாதீர்கள்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ரேடியோ, கேசட் பிளேயர் குவியலுக்குள் 80-களின் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்போதாவது தலைகாட்டும். வீடு காலி செய்யும்போது பரணில் அட்டைப்பெட்டியோடு கிடைப்பதும் உண்டு. பெரும்பாலும் 1982-ல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடென்றால் ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464 ஆகவும் இருக்கலாம். கையில் கிடைத்ததும், "ஓடுதான்னு பார்த்துடுவோம்" என்று ஏதோ ஓர் அடாப்டரைச் சொருகிவிடுகிறார்கள். இத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்த போர்டு பெரும்பாலும் அங்கேதான் சாகிறது.

ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர் வேண்டும். சிக்கல் வோல்ட்டில் இல்லை, முனையில் இருக்கிறது. பிளக்கின் நடுவில் மைனஸ், வெளிவளையத்தில் பிளஸ். இன்று வீட்டில் கிடைக்கும் ரவுட்டர், சிசிடிவி அடாப்டர்கள் எல்லாம் இதற்கு நேர்மாறு. ஆம்ஸ்ட்ராட் 464-க்கு மானிட்டரில் இருந்து 5 வோல்ட் வரும்; அதில் நடு முனை பிளஸ். சாக்கெட் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், ஸ்பெக்ட்ரம் அடாப்டரை ஆம்ஸ்ட்ராட்டில் சொருகினால் வோல்ட்டும் தப்பு, முனையும் தப்பு. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சொருக வேண்டாம். ஒரிஜினல் ஸ்பெக்ட்ரம் அடாப்டர் கம்ப்யூட்டரில் சொருகாமல் அளந்தால் 12, 13 வோல்ட் காட்டும். ரெகுலேஷன் இல்லாத சாதா டிரான்ஸ்ஃபார்மர் அது. அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

சரியான அடாப்டர் கிடைத்தாலும் முதலில் மூடியைக் கழற்றுங்கள். கீபோர்டில் இருந்து போர்டுக்கு வரும் இரண்டு பிளாஸ்டிக் ரிப்பன்களும் காய்ந்த வாழைச்சருகு மாதிரி இருக்கும். மேல்மூடியை வெடுக்கென்று தூக்கினால் ஒடிந்துவிடும். மெதுவாகத் திறந்து, ரிப்பனை நேராக மேல்நோக்கி இழுத்து எடுக்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டிய முதல் இடம் மெமரி சிப்புகளுக்குப் போகும் சப்ளை. 48கே மாடலில் கீழ் 16கே மெமரிக்கு 4116 என்ற சிப் எட்டு இருக்கும். இதற்கு மூன்று சப்ளை வேண்டும்: 1-ஆம் பின்னில் மைனஸ் 5, 8-ஆம் பின்னில் பிளஸ் 12, 9-ஆம் பின்னில் பிளஸ் 5; 16-ஆம் பின் கிரவுண்டு. பிளஸ் 5-ஐ 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் தருகிறது. மற்ற இரண்டையும் உண்டாக்குவது டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்ஸிஸ்டரும் பக்கத்தில் இருக்கும் சின்னக் காயிலும். மைனஸ் 5 இல்லாமல் பிளஸ் 12 மட்டும் போனால் 4116 சூடாகிச் சாகும். ஒரே ஒரு சப்ளை போனதற்கு எட்டு சிப்பையும் மாற்றுகிற வேலை வந்து சேரும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். கரண்ட் இல்லாதபோது 7805-ன் அவுட்புட் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். சுழியம் ஒட்டிக் காட்டினால் ஷார்ட், மேலே போகவே வேண்டாம். சரியாக இருந்தால் பவர் கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, ஒரு 4116-ன் 1-ஆம் பின்னை முதலில் தொடுங்கள். மைனஸ் 5 இல்லையா, உடனே அணைத்துவிடுங்கள். டிஆர்4 ஷார்ட் ஆகியிருக்கும். அது இசட்டிஎக்ஸ் 650. அது ஷார்ட் ஆனால் காயிலின் மெல்லிய கம்பியும் கருகியிருக்கலாம், அதையும் பாருங்கள். டிரான்ஸிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் போர்டின் விளிம்பிலேயே இருக்கும் எட்ஜ் கனெக்டரில் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸைக் கோணலாகச் சொருகுவதும் இதே டிரான்ஸிஸ்டரைக் கொல்லும். பவரை எடுத்த பிறகே சொருகுவது, கழற்றுவது.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றுவதென்றால், அவை இரு முனையிலும் கால் வைத்த ஆக்ஸியல் வகை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்காவிட்டால், இரண்டு காலும் ஒரே பக்கம் இருக்கும் சாதா ரேடியல் வாங்கிக் காலை மடக்கி வைக்கலாம். எடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்த முனைதான் பிளஸ்.

நம் ஊர்ப் பக்கம் தனியாகக் கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. கடலூர் முதுநகரிலோ வைத்திக்குப்பத்திலோ கிடந்த போர்டில் ஐசி சாக்கெட்டுகளும் எட்ஜ் கனெக்டரும் பச்சை பிடித்திருக்கும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் போதும். துரு எண்ணெய் அடிக்காதீர்கள்; அது ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தானே புயலிலோ 2015 வெள்ளத்திலோ நனைந்த பெட்டி என்றால், முதலில் நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவி, பிறகு ஆல்கஹால், பிறகு நிழலில் இரண்டு நாள். வெயிலில் வைத்தால் கேஸ் வளைந்துவிடும்.

சில கீ வேலை செய்யவில்லை என்றால் எவை என்று எழுதிப் பாருங்கள். 40 கீயும் ஐந்து ஐந்தாக எட்டு அரைவரிசை, ஐந்து நெடுவரிசை. கியூ முதல் டி (T) வரை ஐந்தும் போயிருந்தால் எட்டுக் கம்பி ரிப்பனில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது. 1, கியூ, ஏ, 0, பி (P), என்டர் சேர்ந்து போயிருந்தால் ஐந்து கம்பி ரிப்பனில். விரிசல் நுனியில் மட்டும் இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி சொருகலாம். உள்ளே என்றால் கீகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளான மெம்ப்ரேனையே புதிதாகப் போட வேண்டும், இன்றும் தயாரிக்கிறார்கள்.

பி.பி.சி. மைக்ரோ கதை வேறு. 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த மெஷின் இது. இதன் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. மெயின் லைனில் இருக்கும் பழுப்பு நிற கண்ணாடிபோன்ற ரிஃபா கம்பெனி கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை கக்கும். மெஷின் சாவதில்லை, ஆனால் ரூம் முழுக்க நாற்றம். சோதிப்பதற்கு முன்பே 100 நானோஃபாரட், 10 நானோஃபாரட் இரண்டையும் மெயின் லைனுக்கென்றே வரும் எக்ஸ்2 வகையில் மாற்றுங்கள். உள்ளே மெயின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பழக்கம் இல்லாதவர் கை வைக்க வேண்டாம்.

படம் வரவில்லை என்று வருவதில் டியூனிங் கோளாறே அதிகம். ஸ்பெக்ட்ரம் யுஹெச்எஃப் 36-ஆம் சேனலில் தருகிறது. புது டிவியில் அனலாக் ஆட்டோ டியூன் ஓட்டுங்கள். சத்தம் டிவியில் வராது, பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறது.

ஸ்பெக்ட்ரம் புரோகிராம்கள் வருவது சாதா ஆடியோ கேசட்டில். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல கேசட்டுகளை இயர்போன் ஜாக்கில் இருந்து லேப்டாப் லைன்-இன்னுக்குக் கொடுத்து, மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், டபிள்யூஏவி ஃபைலாகப் பதிவு செய்யுங்கள், எம்பி3 வேண்டாம். கேசட் லோடு ஆகும்போது டிவி படத்தின் ஓரத்தில் (பார்டரில்) முதலில் சிவப்பும் இளநீலமும் அகலப் பட்டைகளாக ஓடி, பிறகு நீலமும் மஞ்சளும் மெல்லிசாக ஓட வேண்டும். சிவப்புப் பட்டை வந்து, டேப் லோடிங் எரர் என்று நின்றால் வால்யூமை முக்கால் அளவில் வைத்துப் பாருங்கள். அதிலும் நின்றால், ஹெட் பக்கத்துச் சின்னத் திருகைப் பாட்டு கேசட் ஓடும்போது மெல்லத் திருப்பி, ட்ரெபிள் ஓசை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.